சட்டமூலம் சட்டமாகும் வரை: யாழ்ப்பாணத்தில் இருந்து பின்தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

“பாராளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது” என்று பேப்பரில் தலைப்பு வந்த பிறகுதான் எங்கள் ஊரில் பேச்சுத் தொடங்குகிறது. தேநீர்க் கடையிலும் டியூட்டரி வாசலிலும் வாதம் சூடு பிடிக்கும்போது, ஒரு குடிமகனால் செய்யக்கூடிய மிக முக்கியமான காரியத்துக்கான நேரம் முடிந்து போயிருக்கும். இந்த வழிகாட்டியை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு எண்ணம் உண்டு: பிழையான சட்டம் வந்தால் பிறகு உச்ச நீதிமன்றம் போய் அதைத் தள்ளுபடி செய்விக்கலாம் என்று. இந்தியாவில் அது சரி. இலங்கையில் அப்படி இல்லை. 1978 அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரைப்படி, ஒரு சட்டமூலம் சட்டமாகிவிட்டால் அது செல்லுபடியாகுமா என்று எந்த நீதிமன்றமும் பிறகு விசாரிக்க முடியாது. கேள்வி கேட்பதென்றால் சட்டமாகும் முன்னரே கேட்க வேண்டும். ஆகவே “சட்டம் இயற்றுதல்” என்று நாங்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடும் காரியத்தை, அதன் படிகளாகப் பிரித்து, எந்தப் படியில் யார் கை இருக்கிறது, எந்தப் படியில் எங்களுக்கு இடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

படி 1: வினைச்சொற்களைப் பிரித்து அறியுங்கள்

சட்டமூலங்களின் ஆங்கிலப் பிரதியைப் படிக்க வேண்டிய தேவை எங்களுக்கு அடிக்கடி வரும். அதில் நான்கைந்து வினைச்சொற்கள் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்களின் வேலையைக் குறிக்கிறது.

‘லெஜிஸ்லேட்’ என்பது பொதுச்சொல். சட்டம் செய்யும் அதிகாரத்தைப் பயன்படுத்துவதையே அது குறிக்கும். குறிப்பிட்ட ஒரு சட்டத்தைச் சொல்லும்போது பெரும்பாலும் அதைப் போடுவதில்லை. ஒரு விடயம் பற்றி என்றால் ‘லெஜிஸ்லேட் ஒன்’, ஒன்றைத் தடுக்க என்றால் ‘லெஜிஸ்லேட் அகெய்ன்ஸ்ட்’ என்று அது முன்னிடைச் சொல்லோடு வரும். “மாகாண சபை விவசாயம் பற்றிச் சட்டம் செய்யலாம்” என்ற வாக்கியத்துக்கு இந்தச் சொல் பொருந்தும்.

ஒரு சட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும்போது வருவது ‘எனாக்ட்’. “1911 இல் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது” என்பதற்கு இதுதான் சரியான சொல். ஒவ்வொரு சட்டத்தின் தொடக்கத்திலும், பாராளுமன்றத்தினால் பின்வருமாறு சட்டமாக்கப்படுவதாகுக என்று ஒரு வரி இருக்கும். ஆங்கிலப் பிரதியில் அங்கே நிற்பது இந்த வினைதான். அதிலிருந்து பிறந்த ‘எனாக்ட்மென்ட்’ என்ற பெயர்ச்சொல் எழுதப்பட்ட சட்டத்தையே குறிக்கும். ‘பிரின்சிபல் எனாக்ட்மென்ட்’ என்று கண்டால், திருத்தப்படும் மூலச் சட்டம் அதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பிரதியில் முதன்மைச் சட்டவாக்கம் என்று போட்டிருப்பார்கள். நாடகத்தில் நடித்துக் காட்டுவதற்கும் இதே ஆங்கில வினை உண்டு என்பதால் பள்ளிப் பிள்ளைகள் குழம்புவார்கள். அருகில் சட்டமோ பாராளுமன்றமோ இருந்தால் பொருள் தெளிவாகிவிடும்.

‘பாஸ்’ என்பது வாக்கெடுப்பில் வெல்வது. ‘சேர்ட்டிஃபை’ என்பது சபாநாயகர் கையெழுத்து வைப்பது. இந்த இரண்டுக்கும் இடையே ஒரு வாரமும் போகலாம், ஒரு மாதத்துக்கு மேலும் போகலாம். சட்டம் பிறக்கும் கணம் இரண்டாவதுதான். அதற்குப் பிறகும் ‘கம் இன்ட்டு ஒப்பரேஷன்’ என்று ஒரு நாள் தனியாக இருக்கும். அது நடைமுறைக்கு வரும் நாள்.

இன்னும் ஒரு சோடி. ‘ஷால்’ என்று வந்தால் கட்டாயம், ‘மே’ என்று வந்தால் விருப்பம். அதிகாரி ஒருவர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பதற்கும் தரலாம் என்பதற்கும் இருக்கும் வித்தியாசம், பின்னர் உங்கள் வழக்கு நிற்பதற்கும் விழுவதற்கும் உள்ள வித்தியாசம். தமிழ்ப் பிரதியில் ‘வேண்டும்’, ‘லாம்’ என்ற முடிவுகளைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு படிப்பது நல்ல பழக்கம்.

படி 2: யார் செய்யும் சட்டம் என்று பாருங்கள்

முழு நாட்டுக்கும் சட்டம் செய்வது பாராளுமன்றம். அந்த அதிகாரத்தை வேறு யாருக்கும் கைமாற்றிக் கொடுக்க முடியாது என்று 76 ஆம் உறுப்புரை சொல்கிறது. அமைச்சர்கள் விதிக்கும் ஒழுங்குவிதிகள், பிரதேச சபைகளின் உபவிதிகள் எல்லாம் ஏதோ ஒரு சட்டம் கொடுத்த அனுமதியின் கீழ் வருபவைதான்.

மாகாண சபை 13 ஆம் திருத்தத்தின் வழியாக வந்தது. மாகாண சபை நிரலில் (மாகாணங்களுக்கென்று அரசியலமைப்பு ஒதுக்கிய விடயப் பட்டியலில்) உள்ள விடயங்களுக்கு அது நியதிச்சட்டம் ஆக்கலாம். அதற்கு ஆளுநரின் சம்மதம் வேண்டும். ஆளுநர் ஒரு தடவை மீளாய்வுக்குத் திருப்பி அனுப்பலாம். சபை மறுபடியும் நிறைவேற்றினால் சம்மதிக்கலாம், அல்லது ஜனாதிபதி ஊடாக உச்ச நீதிமன்றத்துக்குப் போக வைக்கலாம். வட மாகாணத்துக்குத் தனியான சபை 2013 செப்டெம்பர் 21 தேர்தலோடு கைதடியில் கூடியது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை.

சபை இல்லாதது வெறும் நிர்வாகக் குறை அல்ல, சட்டம் செய்யும் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்து கிடப்பது. மாகாண நிரலில் உள்ள விடயத்தைத் தொடும் சட்டமூலத்தை, ஒழுங்குப் பத்திரத்தில் (பாராளுமன்றத்தின் அன்றைய அலுவல் பட்டியலில்) போடும் முன், ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 154எ(3) ஆம் உறுப்புரை சொல்கிறது. ஒரு சபையாவது உடன்படாவிட்டால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை. 2012 இல் திவிநெகும (வாழ்வெழுச்சி) சட்டமூலம் வந்தபோது வடக்கில் தெரிவான சபையே இருக்கவில்லை. ஆளுநர் சம்மதம் கொடுத்தார். சபையின் இடத்தில் ஆளுநர் நின்று சம்மதம் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பிறகு அது 2013 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது என்பது உண்மை. ஆனாலும் அந்தக் கேள்வியைச் சட்டமாகும் முன்னரே மனுவாகப் போட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

படி 3: வர்த்தமானியைப் பார்க்கப் பழகுங்கள்

அமைச்சரவை கொள்கையை ஏற்றுக்கொண்டதும் சட்டவரைஞர் திணைக்களம் வரைவை எழுதும். அரசியலமைப்புக்கு முரணா என்று சட்டமா அதிபர் பார்ப்பார். இந்த இரண்டு படியிலும் பொதுமக்களுக்குப் பெரிதாக வேலை இல்லை. அதன்பின் சட்டமூலம் வர்த்தமானியில் வர வேண்டும். எங்கள் கவனம் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

சாதாரண வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும். அதிவிசேட வர்த்தமானி எந்த நாளிலும் வரலாம். சட்டமூலங்கள் வர்த்தமானியின் இரண்டாம் பகுதிக்குக் குறைநிரப்பியாக வெளியாகும். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் மூன்று மொழியிலும் இலவசமாக எடுக்கலாம். பாராளுமன்றத் தளத்திலும் சட்டமூலங்களுக்கென்று தனிப் பக்கம் உண்டு. வாரத்தில் ஒரு தடவை, சனிக்கிழமை காலை என்று வைத்துக்கொண்டு பார்த்தால் போதும்.

ஒரு சட்டமூலத்தைத் திறந்தால் முதல் பக்கத்தில் மேலே வர்த்தமானியின் பெயர், எந்த நாளைய வர்த்தமானிக்குக் குறைநிரப்பி என்ற விபரம், வெளியிட்ட திகதி என்பன இருக்கும். அதற்குக் கீழே சட்டமூலத்தின் பெயர், எந்த அமைச்சர் சமர்ப்பிக்கப் போகிறார் என்ற வரி. அடியில் அச்சிட்ட விலை. உள்ளே போனால் சட்ட விளைவுக் கூற்று என்று ஒரு பகுதி உண்டு. திருத்தச் சட்டமூலம் என்றால் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். ஒவ்வொரு வாசகமும் (சட்டமூலத்தின் இலக்கமிட்ட பிரிவை அப்படித்தான் சொல்வார்கள்) எந்தப் பழைய பிரிவை எப்படி மாற்றுகிறது என்று சுருக்கமாகச் சொல்லியிருக்கும். அதன்பின் நீண்ட பெயர், சட்டமாக்கும் வரி, பிறகு இலக்கமிட்ட வாசகங்கள். ஓரத்தில் சிறிய எழுத்தில் ஓரக்குறிப்பு. தேடுகிற விடயம் எங்கே இருக்கிறது என்று ஓரக்குறிப்பை மட்டும் ஓட்டிப் பார்த்தாலே பிடித்துவிடலாம்.

கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். பொருள்கோடல் பிரிவு அங்கேதான் இருக்கும். ஒரு சொல்லுக்கு அங்கே கொடுத்த பொருள், நாங்கள் ஊரில் பேசும் பொருளிலிருந்து வெகுதூரம் போயிருக்கலாம். அதற்குக் கிட்டவே, சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையில் ஒவ்வாமை வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்ற வாசகம் நிற்கும். சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றப்பட வேண்டும், ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர வேண்டும் என்று 23 ஆம் உறுப்புரை சொல்கிறது. எந்த உரை மேலோங்கும் என்பதைச் சட்டமாக்கும்போது பாராளுமன்றம் தீர்மானிக்கிறது. அது திரும்பத் திரும்ப ஒரே பக்கம் சாய்வது எனக்கு உறுத்துகிறது. அதனால் தமிழ்ப் பிரதியில் ஒரு வாசகம் புரியாமல் போனாலோ விசித்திரமாக இருந்தாலோ ஆங்கிலப் பிரதியோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் சிங்கள உரையையும் காட்டுங்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு சிறு வட்டமாக இதைச் செய்தால் ஒருவருக்கும் பாரம் தெரியாது.

படி 4: ஒழுங்குப் பத்திர நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

வர்த்தமானியில் வந்து குறித்த நாட்கள் கழிந்தபின் சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் போடப்படும். அமைச்சர் அதைச் சபையில் சமர்ப்பிப்பார். அதுதான் முதலாம் வாசிப்பு. விவாதம் இருக்காது. பேப்பரில் ஒரு சின்னச் செய்தி வரும், சில வேளை அதுவும் வராது. ஆனால் ஒழுங்குப் பத்திரத்தில் போட்ட நாளிலிருந்துதான் எங்கள் மணிக்கூடு ஓடத் தொடங்குகிறது. 121 ஆம் உறுப்புரையின்படி எந்தக் குடிமகனும் உச்ச நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம். 1978 இல் எழுதியபோது அதற்கு ஒரு வாரம்தான் அவகாசம். இப்போது 14 நாட்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் பழைய ஒரு வாரத்தையே தங்கள் எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. கொழும்பில் சட்டத்தரணி பிடிக்க வேண்டும், சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும், இரவு பஸ் ஏற வேண்டும். இடையில் போயா விடுமுறை வந்தால் ஒரு நாள் போய்விடும்.

அண்மைய உதாரணம் ஒன்றில் திகதிகளைப் பாருங்கள். நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2023 செப்டெம்பர் 18 இல் வர்த்தமானியில் வந்தது. ஒக்டோபர் 3 இல் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. மனுக்கள் குவிந்தன. நவம்பர் 7 இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்மானம் சபையில் அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரி 24 இல் 108 க்கு 62 என்ற வாக்கில் நிறைவேறியது. பெப்ரவரி 1 இல் சபாநாயகர் கையெழுத்திட்டார். எங்கள் பக்கத்தில் இதைப் பற்றிய பேச்சு பெரிதாகக் கேட்டது ஜனவரி கடைசியில். மனுப் போடும் வாசல் மூடியது முந்திய வருடம் ஒக்டோபரில்.

படி 5: மனுப் போடுவது எப்படி

நீங்கள் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் என்று காட்டத் தேவையில்லை. இலங்கைக் குடிமகனாக இருந்தால் போதும். அடிப்படை உரிமை வழக்கிலிருந்து இது வேறுபடும் முக்கியமான இடம் இது. மனு எழுத்தில், உச்ச நீதிமன்றத்துக்கு முகவரியிட்டு இருக்க வேண்டும். அதே நேரத்தில் ஒரு பிரதியைச் சபாநாயகரிடம் சேர்ப்பிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் நல்ல மனுவும் வாசலிலேயே விழுந்துவிடும். பதிவுத் தபாலா, கையில் கொடுப்பதா, எப்படிக் கொடுத்தோம் என்று எப்படிக் காட்டுவது என்பதை மனுப் போடும் முன்பே சட்டத்தரணியோடு பேசி முடிவு செய்யுங்கள்.

மனுவில் கோபம் வேண்டாம். இந்த இந்த வாசகம் அரசியலமைப்பின் இந்த இந்த உறுப்புரைக்கு முரண் என்று ஒன்றுக்கொன்று எதிராக வைத்துக் காட்டினால் போதும். சமத்துவத்துக்கு 12, பேச்சுச் சுதந்திரத்துக்கு 14, சித்திரவதைக்கு எதிராக 11, மதச் சுதந்திரத்துக்கு 10. மாகாண அதிகாரம் என்றால் 154எ. நடைமுறையில் இந்த மனுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. ஆகவே உங்கள் வாதத்தை முதலில் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதிச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். யாழ்ப்பாணத்திலேயே கொழும்பில் தொடர்பு உள்ள சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகச் சட்டத்துறையில் அரசியலமைப்புச் சட்டம் படிப்பிக்கிறவர்களிடம் ஆலோசனை கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. தனி மனு போட வசதி இல்லை என்றால், வேறு யாராவது போட்ட மனுவில் இடையீட்டாளராகக் கேட்கப்பட விண்ணப்பிக்கும் வழியும் உண்டு.

மனுவோ ஜனாதிபதியின் கோரிக்கையோ போன நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் நீதிமன்றம் தன் தீர்மானத்தை ஜனாதிபதிக்கும் சபாநாயகருக்கும் அனுப்ப வேண்டும். அதுவரை பாராளுமன்றம் அந்தச் சட்டமூலத்தில் மேலே போக முடியாது.

படி 6: தீர்மானத்தைப் படியுங்கள்

நீதிமன்றம் சட்டமூலத்தைக் கிழித்துப் போடுவதில்லை. இப்படி நிறைவேற்றுவதென்றால் எந்த வழியில் நிறைவேற்ற வேண்டும் என்றுதான் சொல்லும். முரண் இல்லை என்றால் சாதாரண பெரும்பான்மை. முரண் உண்டு என்றால் 225 பேரில் 150 பேரின் வாக்கு. ஒற்றையாட்சி, மக்கள் இறைமை போன்ற, 83 ஆம் உறுப்புரை காக்கும் இடங்களைத் தொட்டால் அதற்கு மேல் மக்கள் தீர்ப்பும் வேண்டும். பெரும்பாலும் நடப்பது நான்காவது வழி: இன்ன வாசகங்களை இப்படித் திருத்தினால் சாதாரண பெரும்பான்மை போதும் என்று நீதிமன்றம் சொல்லும். நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்தில் முப்பது வாசகங்கள் வரை அப்படிச் சொல்லப்பட்டது. சொன்ன திருத்தங்கள் எல்லாம் உள்ளே வரவில்லை என்று எதிர்க்கட்சி குற்றஞ்சாட்டி, சபாநாயகர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தது. 2024 மார்ச்சில் அது தோற்றது. கையெழுத்து விழுந்த சட்டம் அப்படியே நின்றது.

தீர்மானம் ஹன்சாட்டில், அதாவது பாராளுமன்ற நடவடிக்கைகளின் அச்சுப் பதிவில், அச்சாகும். அதை எடுத்து வைத்துக்கொண்டு, நிறைவேறிய சட்டத்தோடு வாசகம் வாசகமாக ஒப்பிட்டுப் பார்ப்பதை யாராவது ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும். சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

படி 7: குழுநிலையில் கண் வையுங்கள்

இரண்டாம் வாசிப்பில் விவாதமும் கொள்கைமீது வாக்கெடுப்பும் நடக்கும். தொலைக்காட்சியில் காட்டுவது இதைத்தான். ஆனால் சொற்கள் மாறுவது அதற்கு அடுத்த குழுநிலையில். அங்கே வாசகம் வாசகமாக எடுத்துத் திருத்தம் போடுவார்கள். மூன்றாம் வாசிப்பு பெரும்பாலும் ஒரு சம்பிரதாயம்.

குழுநிலையில் போடும் திருத்தங்களை மறுபடியும் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வாசல் கிடையாது. இதனால் வடக்குக்கு வந்த விளைவை எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். 2017 இல் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம் வந்தது. மகளிர் பிரதிநிதித்துவத்தை உயர்த்துவதற்கென்று வந்த சிறிய சட்டமூலம் அது. செப்டெம்பர் 20 இல், குழுநிலையில், தேர்தல் முறையையே மாற்றும் நீண்ட திருத்தங்கள் அதற்குள் புகுந்தன. 2017 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டமாக அது நிறைவேறியது. புதிய முறைக்குத் தொகுதி எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த அறிக்கையைப் பாராளுமன்றமே 2018 ஓகஸ்டில் நிராகரித்தது. பழைய முறையும் போய்ப் புதிய முறையும் வராமல், மாகாண சபைத் தேர்தல் அந்தரத்தில் நின்றது. கைதடிச் சபை மண்டபம் வெறுமையாகக் கிடப்பதற்கு ஒரு பெரிய காரணம் ஒரே நாளில் போட்ட குழுநிலைத் திருத்தம்.

ஆகவே மனுப் போடும் காலம் கடந்துவிட்டால், உங்கள் அடுத்த வேலை பாராளுமன்ற உறுப்பினரைப் பிடிப்பது. 2024 தேர்தலில் யாழ் தேர்தல் மாவட்டத்திலிருந்து தெரிவானவர்கள் 6 பேர். கிளிநொச்சியும் அதற்குள்தான். எந்த வாசகம், எந்த வரி, அதற்குப் பதிலாக எந்தச் சொற்கள் என்று எழுதி, ஒரு தாளுக்குள் கொடுங்கள். “இந்தச் சட்டம் கூடாது” என்ற கடிதத்தை வைத்து ஒரு உறுப்பினர் பேசலாம், திருத்தம் போட முடியாது. துறைசார் மேற்பார்வைக் குழுவில் சட்டமூலம் இருக்கும்போதே கொடுத்தால் இன்னும் நல்லது.

படி 8: மூன்று திகதிகளைக் குழப்பாதீர்கள்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தை எடுங்கள். பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2016 ஜூன் 24. சபாநாயகர் சான்றுப்படுத்தியது ஓகஸ்ட் 4. பொதுமக்கள் விண்ணப்பம் போட முடிந்தது 2017 பெப்ரவரி 3 முதல். சட்டத்தின் அட்டையில் அச்சாகும் திகதி நடுவில் உள்ளது. உங்களுக்குப் பயன்படும் திகதி மூன்றாவது. அதை அறிய இரண்டாவது வாசகத்துக்குள் பாருங்கள். பெரும்பாலும் சட்டத்தின் பெயரும் தொடங்கும் திகதியும் முதல் இரண்டு பிரிவுக்குள் இருக்கும். அமைச்சர் வர்த்தமானியில் அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும் என்று எழுதியிருந்தால், அந்த அறிவித்தல் வராதவரை சட்டம் இருந்தும் இல்லாத நிலைதான்.

படி 9: பெயரையும் இலக்கத்தையும் வைத்து வயதைச் சொல்லுங்கள்

சுதந்திரத்துக்கு முந்தியவை பெரும்பாலும் கட்டளைச் சட்டங்கள். பிரித்தானிய ஆட்சியின் ஆரம்பத்தில் அவற்றைப் பிரமாணம் என்பார்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்கு இதை விளக்கத் தூர இடம் போக வேண்டாம், எங்கள் மரபுச் சட்டமான தேசவழமையை எடுத்தால் போதும். ஒல்லாந்தர் காலத்தில், யாழ்ப்பாணத்தில் திசாவையாக (பிரதேச நிர்வாக அதிகாரியாக) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எங்கள் வழக்கங்களை 1707 இல் தொகுத்து எழுதினார். 12 முதலிமார் அதைப் பார்த்துச் சரி சொன்னார்கள். பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். பிறகு 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், உரிமையுரித்துக் கட்டளைச் சட்டம் வந்தது. 1947 இல் அதற்குத் திருத்தம் வந்தது. முன்கொள்வனவு உரிமைக்கென்று (காணி விற்கும்போது பங்காளிகள் போன்றோர் முதலில் வாங்கும் உரிமை) தனிக் கட்டளைச் சட்டமும் அதே வருடம் வந்தது.

இவை நூலகத்தில் தூங்கும் சட்டங்கள் அல்ல. கோண்டாவிலில் ஒரு பெண் தன் சீதனக் காணியை விற்கப் போகிறார் என்று வையுங்கள். காணி அவருடைய பெயரில், பணம் அவருடையது, வாங்குபவரும் ஆயத்தம். நொத்தாரிசு முதலில் கேட்பது: “கணவரின் சம்மதக் கையெழுத்து இருக்கிறதா?” தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் அசையாச் சொத்தை உயிரோடு இருக்கும்போது கைமாற்றுவதற்குக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்ற 1911 இன் விதி இன்றும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறது. கணவர் காணாமல் போயிருந்தால் அந்தப் பெண் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும். போருக்குப் பிறகு எத்தனையோ பெண்கள் இந்த ஒரு பிரிவுக்காக நீதிமன்றப் படி ஏறினார்கள். நூறு வருடத்துக்கு முந்திய ஒரு வாக்கியத்தை மாற்ற வேண்டும் என்றால் அதற்கும் வழி படி 3 இலிருந்து தொடங்கும் இதே பாதைதான்.

1972 முதல் 1978 வரை தேசிய அரசுப் பேரவை செய்தவற்றுக்கு ஆங்கிலத்தில் வேறு பெயர் உண்டு. தமிழில் அவையும் சட்டம்தான். பழைய சட்டம் எதையும் தனியாகப் படிக்காதீர்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கம். தற்காலிக ஏற்பாடுகள் என்று பெயரிலேயே இருக்கும். மூன்று வருடத்துக்கென்று வந்தது. 1982 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் திருத்தம் அந்தக் கால எல்லையை எடுத்துவிட்டது. மூலச் சட்டத்தை மட்டும் படிப்பவருக்குத் தடுப்புக் காவல் 18 மாதம் வரை என்று தெரியும். 2022 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் திருத்தத்தையும் சேர்த்துப் படித்தவருக்குத்தான் அது 12 மாதம் என்று தெரியும். திருத்தச் சட்டம் தனியே பார்த்தால் “இந்தச் சொற்களுக்குப் பதிலாக இந்தச் சொற்கள்” என்று மட்டும் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, மூலப் பிரதியில் பென்சிலால் மாற்றிக்கொண்டு போங்கள்.

படி 10: வர்த்தமானியில் வந்ததெல்லாம் புதிய சட்டம் அல்ல

2025 மார்ச் 28 இல் வந்த காணி அறிவித்தலை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வடக்கின் நான்கு மாவட்டங்களில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்று அது சொன்னது. “புதுச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள்” என்றுதான் பலர் பேசினார்கள். புதுச் சட்டம் எதுவும் வரவில்லை. 1931 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் விடுத்த அறிவித்தல் அது. எதிர்ப்பு எழுந்தது, வழக்குப் போனது, பிறகு அரசாங்கம் அறிவித்தலை மீளப் பெற்றது.

இந்த வேறுபாடு உங்கள் கையில் இருக்கும் ஆயுதத்தை மாற்றுகிறது. சட்டமூலம் என்றால் 121 ஆம் உறுப்புரையும் 14 நாட்களும். அமைச்சரின் ஒழுங்குவிதி, அதிகாரியின் அறிவித்தல் என்றால் அது நிறைவேற்றுத் துறையின் செயல். 80(3) அதைக் காப்பாற்றாது. அடிப்படை உரிமை மீறல் என்றால் 126 ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றம் போகலாம், எழுத்தாணைக்கு (அதிகாரியின் செயலை நீக்கவோ தடுக்கவோ நீதிமன்றம் இடும் கட்டளை) மேன்முறையீட்டு நீதிமன்றம் போகலாம். ஆகவே ஒரு வர்த்தமானி கையில் கிடைத்ததும் முதல் வரியிலேயே எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்று தேடுங்கள். அந்த வரி இருந்தால் அது ஏற்கெனவே உள்ள ஒரு சட்டத்தின் பிள்ளை. பாராளுமன்றத்தினால் சட்டமாக்கப்படுவதாகுக என்ற வரி இருந்தால், அது இனிமேல்தான் பிறக்கப் போகிறது. அப்படியென்றால் அன்றே கலண்டரை எடுத்து, ஒழுங்குப் பத்திரத்தில் எப்போது வருகிறது என்று பாராளுமன்றத் தளத்தில் பார்க்கத் தொடங்குங்கள்.